இடத் தயாரிப்பு

சுவருக்கு வர்ணம் அடிப்பது சுலபம், ஐயா. அடித்த வர்ணத்தைச் சுரண்டி எடுப்பதுதான் தோள்பட்டையைப் பிடித்துக்கொள்ளும். நல்ல பெயின்டாக இருந்தால் இன்னும் கஷ்டம். எங்கள் கப்பல் கம்பெனி எப்போதும் நல்ல பெயின்டுதான் வாங்கும்.

நீங்கள் அக்காவின் அடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். அடுப்பிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. சுவரிலிருந்து வந்தால்தான் கோர்வையாக இருக்கும். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் உத்தியோகத்துக்கு ஊர்நல அலுவலர் என்று பெயர். உல்லாசக் கப்பல் நிற்கிற துறைமுகங்களில் கம்பெனிக்கு அப்படி ஓர் ஆள் உண்டு. கப்பல் வந்து நின்றதும் பயணிகள் இறங்கி ஊருக்கு ஏதாவது நல்லது செய்வார்கள். அவர்கள் செய்வதற்கு ஒரு நல்லது எப்போதும் பாக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. கேட்கும்போது சிரிப்பு வரும். செய்து பார்த்தால் தெரியும்.

எங்கள் வீட்டில் சட்டை கசங்காமல் சம்பாதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள். அவர்கள் போன பிறகு அக்கா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். "நீ படிடா, கழுத்து எனக்கு இருக்கு" என்பாள். அவள் கழுத்தில்தான் நான் படித்தேன். அதை நான் மறந்தவன் இல்லை. மறந்தவனாக இருந்தால், யாரும் கூப்பிடாமல் இங்கே வந்து உட்கார்ந்திருப்பேனா?

திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்த பயணி வேறு கம்பெனிக் கப்பலுக்குப் போய்விடக் கூடாது, திரும்பத் திரும்ப எங்கள் கப்பலிலேயே வர வேண்டும் என்பதற்காக மூன்று படிகள் வைத்திருந்தார்கள். முதல் படிக்குப் பெயர் துடுப்பு. அதற்கு ஒரு துணிப்பை. அடுத்தது நங்கூரம். நங்கூரக்காரர்கள் வரிசையில் நிற்காமல் ஏறலாம். உச்சிப் படி கலங்கரை. கலங்கரைக்காரர்கள் கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிடலாம், கப்பல் கிளம்பும்போது சங்கைத் தங்கள் கையாலேயே ஊதலாம். ஊரில் ஆள் அம்பு என்று இருக்கிற பெரிய மனிதர்கள், அந்தச் சங்கை ஒரே ஒரு தடவை ஊதுவதற்குப் படுகிற பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும். பயணம் செய்தால் புள்ளி. கரையில் இறங்கிச் சேவை செய்தால் அதைவிடக் கூடுதல் புள்ளி. கூடுதல் புள்ளி கிடைக்கிற இடத்தில்தானே ஐயா கூட்டம் நிற்கும்?

முதல் கப்பலில் வந்தவர்கள் துறைமுகத் தெருப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு வர்ணம் அடித்தார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அழகாகத்தான் இருந்தது. அடுத்த கப்பல் வந்தது. அவர்களுக்கும் சுவர் வேண்டும். சுவரோ பளபளவென்று நிற்கிறது. ஒரு கூட்டம் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வெயிலில் நின்று என் முகத்தையே பார்க்கிறது. கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோன மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அன்று தலைமை அலுவலகத்து மேடம் போனில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "அடுத்த தடவை இடத்தைக் கொஞ்சம் தயார் பண்ணி வைங்க" என்றார். அவ்வளவுதான். இடத் தயாரிப்பு என்ற சொல் அவருடையது. சுரண்டுகிற கரண்டி என்னுடையது.

கப்பல் போனதும் சுரண்டுவேன். சேற்றைக் கரைத்து அடிப்பேன். மேல் விளிம்பில் நாலு செங்கல்லைப் பெயர்த்து வைப்பேன். பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஏன் தம்பி, போன வாரம் அடிச்ச சுவருதானே இது?"

"ஈரம் இறங்கியிருக்கு டீச்சர்."

"இந்த வெயில்லயா?"

"உள் ஈரம் டீச்சர். வெளியில தெரியாது."

அவர் என்னையும் பார்த்தார், கரண்டியையும் பார்த்தார். ஒவ்வொரு கப்பலோடும் பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சில் பெட்டிகள் வரும். "பின்பக்கத்துச் சுவரும் கொஞ்ச நாளா ஈரமாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவின் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஆக, இதில் எனக்கு மட்டும்தான் பங்கு என்று நீங்கள் எழுதினால் அது அவ்வளவு சரியாக இருக்காது. ஆனால் டீச்சர் பெயரை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பாவம்.

சுவரே எத்தனை நாளைக்கு ஓடும்? பெஞ்சுக்கு வந்தோம். ஆணியைத் தளர்த்தி வைத்தால் பயணிகள் முடுக்கிவிட்டுப் போவார்கள். பிறகு பூங்கா வேலி. பிறகு தெருக் குழாய். அடிபம்புக்குள் ஒரு தோல் வாஷர் இருக்கும். அதைக் கழற்றினால் தண்ணீர் ஏறாது. கப்பல் வருவதற்கு முன்பு கழற்றுவேன். பெண்கள் குடத்தோடு லாரி நிற்கிற முனை வரைக்கும் நடப்பார்கள், என்னைத் திட்டுவார்கள், பிறந்த நேரத்தைத் திட்டுவார்கள். கப்பல் வந்த அன்று நங்கூரக்காரர் ஒருவர் புது வாஷரை மாட்டிக் கைப்பிடியை அடிப்பார். தண்ணீர் கொட்டும். அப்போது அந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நடிக்கச் சொன்னால் வருமா ஐயா அந்தச் சந்தோஷம்? அதை நான் கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கொடுத்தேன்.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியும். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர். பயணிகளின் பெட்டிகளை ஏற்றி வந்த வண்டி ஒருநாள் சாய்ந்து முதுகின் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில்தான் இருப்பு. வாய் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடியது.

"என்ன மச்சான், இந்த வாரம் எதை உடைச்சே?"

"சும்மா இருங்க மாமா."

"அட, சந்தேகம் கேக்கறேன். என் முதுகு உடைஞ்சுதே, அதுவும் உங்க கம்பெனியில இடத் தயாரிப்புதானா? அப்படின்னா எந்தப் பணக்காரன் வந்து ஒட்டப்போறான், சொல்லு, ரெடியா இருக்கேன்."

அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கம்பெனிக்கு நூறாவது ஆண்டு நெருங்கியது. வரலாறு ஒன்று போட வேண்டும், உங்கள் ஊர் சம்பந்தமாக ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார் மேடம். கம்பெனியின் முதல் கப்பல் மாடு ஏற்றியது. இங்கே ஏன் வந்தார்கள் என்றால், வேறு துறைமுகங்களில் மாட்டைப் பரிசோதிப்பார்கள், இங்கே கேட்பாரில்லை. அதை அப்படியே போட முடியுமா? நிறுவனர் காய்ச்சலோடு இங்கே கரையில் இறங்கினார், துறைமுகத் தெருப் பெண் ஒருத்தி ஒரு குடம் தண்ணீர் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தாள், அந்த நன்றியை இந்தக் கம்பெனி இன்றுவரை மறக்கவில்லை என்று எழுதினேன். மாடுகளை 'எங்கள் முதல் பயணிகள், ஒரு குறையும் சொல்லாதவர்கள்' என்று நகைச்சுவையாக முடித்தேன். மேடம் ரசித்தார். அது அச்சில் வந்து சில மாதத்துக்குள் தெருவில் மூன்று குடும்பங்கள் அந்தப் பெண் தங்கள் கொள்ளுப்பாட்டிதான் என்று சண்டை போட்டுக்கொண்டன. ஒருவர் குடத்தையே கொண்டுவந்து காட்டினார். எவர்சில்வர் குடம்.

மாமாவின் முதுகுக்கு வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை. எனக்குக் கொடுத்தது ஒரே பக்கம்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் பச்சைத் தொப்பி அம்மாவைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பல் டாக்டர், தனி ஆள். எந்தப் பயணத்திலும் அதே பச்சைத் தொப்பி. நங்கூரத்தில் நின்றுகொண்டு கலங்கரைக்காகத் தவம் கிடந்தவர். பள்ளிச் சுவரில் பயணிகள் வர்ணத்தில் கையை நனைத்து அச்சு வைப்பது வழக்கம். ஒரு தடவை நான் சரியாகச் சுரண்டவில்லை. அந்த அம்மா பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் கையைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். மோதிர விரல் அவருக்குக் கொஞ்சம் கோணல்.

"தம்பி, இங்க வாங்க. இது என் கை."

"அப்படியாம்மா?"

"பல்லு பிடுங்கிப் பிடுங்கிக் கோணலான விரல். ஊர்ல வேற யாருக்கும் இருக்காது. இதை யாரு சுரண்டினா?"

நான் உள் ஈரத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சுரண்டறதுன்னா முழுசாச் சுரண்டுங்க. அரையும் குறையுமா விட்டா மத்தவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல?"

சொல்லிவிட்டு, தன் பழைய கையின் மேலேயே புது வர்ணத்தை அடித்தார். அன்றைக்குத்தான் ஐயா எனக்கு மனசு தெளிந்தது. அதுவரைக்கும் ஏதோ திருட்டுத்தனம் செய்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. வாங்குகிறவனுக்கும் தெரியும், கொடுக்கிறவனுக்கும் தெரியும் என்றால் அதில் திருட்டு எங்கே இருக்கிறது?

அந்த அம்மாவும் இன்னும் சிலரும் சேர்ந்துதான் அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, பெரிய ஜன்னல். ஏற்பாடு என்னுடையது. மாமா படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஜன்னலைக் கேட்டு வாங்கியதும் நான்தான். அக்கா சாவி வாங்குகிற படத்தைக் கம்பெனி எல்லா விளம்பரத்திலும் போட்டது. மூட்டை சுமந்த கழுத்து, ஒடுங்கின கன்னம், கண்ணில் தண்ணீர். அந்த மாதிரி ஒரு முகம் கம்பெனிக்கு எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கவில்லை என்று மேடமே சொன்னார்.

நூற்றாண்டு விழாவுக்கு மேடம் ஒரு யோசனை வைத்திருந்தார். அதே பெண், அதே மனை, இன்னும் பெரிய வீடு. கல் வீடு. கட்டுகிறவர்களுக்கு நேரே கலங்கரை. பச்சைத் தொப்பி அம்மாவின் பெயர்தான் முதல் பெயர். எனக்கும் ஒன்று இருந்தது. எல்லாத் துறைமுகத்துக்கும் தலைமை ஊர்நல அலுவலர், கப்பலிலேயே அறை. அத்தனை வருஷம் அந்தக் கப்பலுக்கு உழைத்து நான் அதன் படியில் கால் வைத்ததில்லை. கரையில்தான் எனக்கு வேலை.

"இப்ப இருக்கிற வீடு நல்லா நிக்குதே மேடம்" என்றேன்.

"இடத்தைத் தயார் பண்ணிடுங்க" என்றார்.

அக்காவிடம் போய்ப் பக்குவமாகத்தான் சொன்னேன். பலகை வீட்டைப் பிரித்துவிடுவோம், கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருங்கள், கல் வீடு வரும் என்றேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமாவைத் தூக்கினா எப்படிக் கத்துவாருன்னு தெரியும்ல? கட்டிலை நகர்த்தினாலே உயிர் போகுது. கல் வீட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்கு இதே போதும்."

"நூறு வருஷம்கா. சாதாரணமா?"

"நான் கல் தூக்கினவடா. கல்லுல எனக்கு ஆசை கிடையாது."

"எனக்காகக் கொஞ்சம் யோசியேன்."

"உனக்காக யோசிச்சு யோசிச்சுத்தான் என் கழுத்து இப்படி ஆயிருக்கு. போ, போய் வேற எவ வீட்டையாவது உடை."

நான் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விளக்கின தண்ணீரை அப்படியே என் சட்டையில் ஊற்றினாள். கட்டிலில் இருந்து மாமா, "அக்கா தம்பிக்கு அபிஷேகம் பண்றாடா" என்று கைதட்டினார். நானும் சட்டையைப் பிழிந்துகொண்டே சிரித்தேன். கோபம் இல்லை. அவளுக்கு எது நல்லது என்பது அவளுக்கு எப்போதுமே தாமதமாகத்தான் தெரியும்.

கப்பல் வந்த அன்று காலையில் என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் எழுதியிருப்பதில் ஒழுங்கு இல்லை.

முதலில், தெரு அடிபம்பு வாஷரைக் கழற்றினேன். அக்கா தண்ணீருக்கு முனை வரைக்கும் போக வேண்டும், அங்கே வரிசையில் நிற்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். பிறகு, மாமாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகக் கம்பெனி வேனை அனுப்பினேன். அதையும் நீங்கள் எழுத வேண்டும். வேன் வெறும் வேனாகத் திரும்பி வந்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "கப்பல் வர்ற நாள்ல ஜன்னலை விட்டு வர மாட்டாராம். ஆஸ்பத்திரியை இங்க எடுத்துட்டு வரச் சொன்னார் சார்" என்றார்.

ஆக, அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும்.

கொல்லைப் பக்கமாகப் போனேன். கையில் பெயின்டுக்குக் கலக்குகிற தின்னர் டின். பலகை ஓரமாக ஊற்றிக்கொண்டே வந்தேன். வாடை உள்ளே போயிருக்க வேண்டும்.

"யாரு, மச்சானா?"

"ஆமா மாமா."

"என்ன வாடை?"

"பெயின்டுக்கு மாமா. தின்னர்."

"ஓ, இந்த வீட்டுக்கும் வந்துட்டியா? சரி சரி. ஜன்னலை மறைக்காம அடி. கப்பல்ல ஆளுங்க இறங்கற நேரம்."

ஜன்னலை நான் மறைக்கவில்லை. கதவை மட்டும் வெளியில் கொக்கி போட்டேன். காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காது.

பயணிகளை நான் கப்பலடியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது புகை தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது ஐயா. வயதானவர்கள், ஆனாலும் ஓடினார்கள். கையில் கிடைத்த பெயின்டு வாளிகளோடு வரிசை கட்டி நின்றார்கள். பச்சைத் தொப்பி அம்மாதான் பம்பை அடித்தார். தண்ணீர் வரவில்லை. வாஷர் என் சட்டைப் பையில் இருந்தது. அந்த நேரத்தில் எல்லார் முன்னாலும் போய் அதை மாட்டினால் நன்றாக இருக்காது. அந்த அம்மா அடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பழகினவர்கள் அப்படித்தான்.

அக்கா குடத்தோடு வந்தாள். குடத்தைக் கீழே வைக்கவில்லை. தலையில் தண்ணீரோடு அப்படியே நின்றாள். யாரோ வந்து இறக்க வேண்டியிருந்தது.

மேடம் அன்றே கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். விழாவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரே நாளில் இவ்வளவு சேவை நேரம் எந்தத் துறைமுகத்திலும் பதிவானதில்லையாம். மனையைச் சுத்தம் செய்யவே இரண்டு குழு பெயர் கொடுத்திருக்கிறது. பச்சைத் தொப்பி அம்மாவுக்குக் கலங்கரை கிடைத்துவிட்டது. சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது சங்கு வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது.

இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது. நீங்கள்தான் அடுப்பைக் கொண்டுவந்தீர்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், அடுப்பை எரியவிட்டு, கொக்கியும் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. அடுப்பை அணைக்காமல் வெளியே போகிறவளும் இல்லை. அவள் பேரில் இப்படி ஒரு பழி விழுந்தால், தம்பி என்று நான் ஒருவன் இருந்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் வந்தேன். தின்னர் ஊற்றியது நான். கொக்கி போட்டது நான். பற்றவைத்ததும் நான். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், அக்காவை அனுப்பிவிடுங்கள்.

உள்ளே வரும்போது பெஞ்சைத் தாண்டித்தான் வந்தேன். எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாதே என்று அவள் காதோடு சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற உங்கள் பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை. எனக்கு அவளைத் தெரியும் ஐயா. நன்றி சொல்ல அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் ஆகும்.